மாணவர் பந்தயக் கார்: எஞ்சினிலிருந்து அல்ல, டயரிலிருந்து தொடங்க வேண்டும்

தங்கச்சி, உன் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீ நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் படிக்கிறாய். மாணவர்கள் சேர்ந்து கட்டும் ஃபார்முலா பந்தயக் கார் அணியில் உன்னை சஸ்பென்ஷன் (சக்கரங்களை வண்டியோடு இணைத்துத் தாங்கும் அமைப்பு) பிரிவில் போட்டிருக்கிறார்கள். "எங்கிருந்து தொடங்குவது? பெரிய பைக்கின் 600 சிசி எஞ்சின் போட்டும் ஏன் 100 குதிரைத்திறன்கூட வரவில்லை? டர்போ போட்டால் சரியாகிவிடாதா என்று அப்பா கேட்கிறார்" என்று எழுதியிருந்தாய். அப்பா தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் மெக்கானிக் என்றும் சொல்லியிருந்தாய். அது உனக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் இந்த ஊரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். செம்பனை ஆலைகளுக்கு ஷாஃப்ட், பேரிங் வேலை செய்வதுதான் பிழைப்பு. மாணவர் அணிகளுக்கும் ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி), அப்ரைட் (ஹப்பைத் தாங்கிச் சஸ்பென்ஷன் கைகளோடு சேர்க்கும் துண்டு) கடைந்து கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது எப்படிப்பட்ட பந்தயம் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எல்லா முடிவும் தப்பாகப் போகும். ஃபார்முலா எஸ்ஏஇ என்ற பெயரில் 1981இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டி இது. 1998இல் இங்கிலாந்துக்கும், 2003இல் ஜப்பானுக்கும் பரவியது. நம் மலேசியாவில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஃபார்முலா வார்சிட்டி என்ற மாணவர் பந்தயத்தை நடத்தியிருக்கிறது. எரிபொருள் சிக்கன வண்டிகளுக்கான ஷெல் இகோ மாரத்தான் ஆசியாவுக்கு வந்தபோது 2010இல் முதலில் நம் செப்பாங் பந்தயச் சாலையில்தான் நடந்தது. ஆகவே இது நமக்குத் தொலைவான சங்கதி இல்லை.

ஃபார்முலா எஸ்ஏஇயில் மொத்தம் 1000 புள்ளி. அதில் 325 வண்டி ஓடாமலேயே கிடைப்பது: வடிவமைப்பை நடுவர்களுக்கு விளக்குவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்தைச் சொல்வதற்கு 75. மீதி 675 ஓட்டத்தில். 75 மீட்டர் நேர் ஓட்டத்துக்கு 100, எட்டு வடிவ வட்டத்துக்கு 75, ஒற்றைச் சுற்று வேகத்துக்கு 125, 22 கிலோமீட்டர் நீள் ஓட்டத்துக்கு 275, அந்த ஓட்டத்தில் செலவான எரிபொருள் கணக்குக்கு 100.

பாதையைப் பார். நேர்ச்சாலை என்றால் அறுபது, எழுபது மீட்டர்தான். கொண்டை ஊசி வளைவின் வெளி விட்டம் 9 மீட்டர் வரை சுருங்கலாம். கூம்புகளுக்கு நடுவே நெளிந்து போக வேண்டும். சராசரி வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். வண்டி எந்நேரமும் திரும்பிக்கொண்டோ, பிரேக் பிடித்துக்கொண்டோ, வளைவிலிருந்து வெளியேறிக்கொண்டோ இருக்கிறது. எஞ்சினை முழுதாகத் திறந்து ஓட்டும் நேரம் கொஞ்சம்தான். அதனால்தான் உன் பிரிவு, சஸ்பென்ஷன் பிரிவு, வண்டியின் தலையெழுத்தை எழுதுகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? டயரிலிருந்து. வண்டியைத் தரையோடு சேர்ப்பது நான்கு டயர்களின் உள்ளங்கை அகலத் தடம் மட்டும்தான். பிரேக், திருப்பம், வேகம் எல்லாமே அந்த நான்கு தடங்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும். சேஸி (வண்டியின் சட்டகம்), ஸ்பிரிங், ஸ்டீரிங் எல்லாம் அந்தத் தடங்களுக்குச் சேவகம் செய்யப் பிறந்தவை. டயரை முதலில் முடிவு செய்யாமல் சேஸி வரையத் தொடங்கும் அணிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும்.

டயரைப் பற்றி இரண்டு விஷயம் உன் எலும்புக்குள் இறங்க வேண்டும். ஒன்று, நழுவல் கோணம். சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருந்தால் பக்கவாட்டு விசை ஏறக்குறைய கிடையாது. இரண்டுக்கும் நடுவே சில டிகிரி கோணம் விழும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு விசை தருகிறது. கோணம் கூடக் கூட விசை ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். பந்தய டயரில் அந்த உச்சம் பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு டிகிரிக்குள் வரும். ஓட்டுநரின் திறமை என்பது நான்கு டயரையும் அந்த உச்சத்துக்கு அருகிலேயே வைத்திருப்பது. உன் வேலை, அவர் அப்படி வைத்திருக்க வண்டி இடம் கொடுக்கும்படி பார்ப்பது.

இரண்டாவது விஷயம்தான் பலருக்குப் புரியாதது. டயர் மேல் பாரம் கூடினால் பிடிமானமும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. பாரம் இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பை விடக் குறைவாகத்தான் ஏறும். ரப்பர் வெட்டுக்குத் தோளில் தாங்கும் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த பெரியவர்களைக் கேட்டுப் பார். இரு பக்கமும் ஒரே அளவு பால் இருந்தால் மைல் கணக்கில் நடப்பார்கள். அதே பால் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்தால் பத்தடிக்குள் தள்ளாடிவிடும். டயரும் அப்படித்தான்.

கணக்காகப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 280 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 300 மி.மீ., இடது வலது சக்கரங்களின் இடைவெளி 1200 மி.மீ. என்று வை. 1.4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.4 மடங்கு) முடுக்கத்தில் வளைந்தால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம்: 280 × 1.4 × 0.3 ÷ 1.2 = 98 கிலோ. பக்கத்துக்கு 140 கிலோ என்று நின்ற வண்டி, வளைவில் உள்பக்கம் 42 கிலோவும் வெளிப்பக்கம் 238 கிலோவும் ஆகிவிடுகிறது. முன்னும் பின்னும் சமம் என்று எடுத்தால் உள் டயருக்கு 21 கிலோ, வெளி டயருக்கு 119 கிலோ. எடுத்துக்காட்டுக்கு, 70 கிலோவில் உராய்வுக் கெழு (பிடிமான விசையைப் பாரத்தால் வகுத்த எண்) 1.5, 21 கிலோவில் 1.65, 119 கிலோவில் 1.38 என்று ஒரு டயர் இருந்தால், சமமாகச் சுமந்தபோது ஓர் அச்சில் 210 கிலோ பக்க விசை. சாய்ந்து சுமக்கும்போது 199 கிலோ. சுமார் ஐந்து விழுக்காடு பிடிமானம், ஒன்றும் உடையாமலேயே, காணாமல் போய்விட்டது.

இப்போது அதே கணக்கில் ஈர்ப்பு மையத்தை 25 மி.மீ. இறக்கிப் பார். மாறும் பாரம் 98இலிருந்து 90 கிலோவாகக் குறையும். எஞ்சினைக் கீழே உட்கார வைக்க, பேட்டரியைத் தரையோடு ஒட்ட வைக்க, ஓட்டுநர் இருக்கையைச் சாய்க்க ஏன் எல்லோரும் அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இந்த ஒரே வரியில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கை இறுக்கினால் பாரம் மாறுவது குறையும் என்று நினைப்பவர்கள் நிறைய. மொத்தமாக மாறும் பாரத்தை ஸ்பிரிங்கோ, வண்டி சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார் என்ற முறுக்குக் கம்பியோ குறைக்காது. அதை முடிவு செய்வது எடை, உயரம், சக்கர இடைவெளி, வளைவின் வேகம் இவை நான்கும்தான். ஆனால் அந்த 98 கிலோவில் முன்னச்சு எவ்வளவு சுமக்கும், பின்னச்சு எவ்வளவு சுமக்கும் என்பதை ஆன்டி ரோல் பாரும் ஸ்பிரிங்கும் முடிவு செய்கின்றன. முன்பக்கம் அதிகம் சுமந்தால் வண்டி திரும்ப மறுக்கும். பின்பக்கம் அதிகம் சுமந்தால் வால் வெளியே வீசும். வண்டியைச் சரிக்கட்டுவது என்பதில் பாதி வேலை இந்தப் பங்கீடுதான்.

டயரின் உண்மையான எண்களுக்கு எங்கே போவது? பல பல்கலைக்கழக அணிகள் பணம் சேர்த்து, அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள கால்ஸ்பன் சோதனைக்கூடத்தில் இந்தப் போட்டிக்கான டயர்களைச் சோதித்து, எண்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு தடவை கட்டணம் கட்டிச் சேர்ந்தால் அணிக்கு அந்த எண்கள் கிடைக்கும். வண்டியில் வேறு எதற்குச் செலவு செய்வதற்கு முன்னாலும் இதற்குச் செய்யுங்கள். ஆனால் அங்கே சோதனை நடப்பது சொரசொரப்பான பட்டை மேல். நம் தார்ச்சாலையில் பிடிமானம் அதைவிடக் குறைவாகத்தான் வரும். எண்களின் வடிவத்தை நம்பு, உயரத்தைக் குறைத்துக்கொள்.

டயர் முடிவானதும் சக்கரத்துக்குள் போகலாம். இரட்டை விஷ்போன், அதாவது மேலே ஒரு ஏ வடிவக் கை, கீழே ஒரு ஏ வடிவக் கை. இந்தப் போட்டியில் ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள். விதிப்படி ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் சக்கரம் மேலும் கீழுமாக மொத்தம் 50 மி.மீ.யாவது அசைய வேண்டும். வண்டி வளைவில் சாயும்போது வெளி டயரின் தலை வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல், தடம் தரையோடு தட்டையாக இருக்கும்படி கைகளின் நீளத்தையும் கோணத்தையும் வைப்பதுதான் வடிவியல். மேல் கை கீழ்க்கையை விடக் குட்டையாக இருப்பது அதற்காகத்தான். கணினியில் இதை ஓட்டிப் பார்க்க மென்பொருள் ஏராளம். அதில் நேரம் ஓட்டுவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் திரையில் கேம்பரை, அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணத்தை, கால் டிகிரி சரிசெய்ய ஒரு வாரம் செலவழித்துவிட்டு, செய்த வண்டியில் சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டினால் ஒரு டிகிரி ஆடுகிறது என்றால் அந்த வாரம் வீண்.

அந்த ஆட்டம்தான் நான் பார்த்த வண்டிகளின் மிகப் பெரிய நோய். பேரிங் துளை கொஞ்சம் பெரிசு, ரோட் எண்ட் (தண்டின் முனையில் உருண்டை பேரிங் உள்ள மூட்டு) தேய்ந்தது, பிராக்கெட் தகடு மெல்லிசு, ஸ்டீரிங் ரேக் பிடித்திருக்கும் குழாய் வளைகிறது. ஒவ்வொன்றும் சின்னதுதான். சேர்த்துப் பார்த்தால் ஓட்டுநர் திருப்பிய பிறகு வண்டி யோசித்துவிட்டுத் திரும்பும். அப்படிப்பட்ட வண்டியில் எந்த மாற்றம் செய்தாலும் பலன் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அது வேறு வண்டி.

ரோட் எண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இழுக்கவும் தள்ளவும் செய்யப்பட்டது. அதன் தண்டில் மரை வெட்டியிருக்கிறது. பக்கவாட்டில் வளைக்கும் விசை வந்தால் மரையின் அடிப்பள்ளத்தில் அழுத்தம் குவிந்து, முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். கேம்பரைச் சுலபமாகச் சரிசெய்யலாம் என்று சொல்லி கீழ்க்கையின் வெளிமுனையில் ரோட் எண்ட் போட்டு, அதன் மேல் பிரேக் விசையை முழுதும் ஏற்றும் வரைபடங்கள் இன்னும் வருகின்றன. அங்கே உருண்டை பேரிங்கை வளையத்துக்குள் உட்கார வைத்துச் செய்யுங்கள். கேம்பரை அப்ரைட்டில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். போல்ட் எதுவானாலும் இரு பக்கமும் தகடு பிடிக்க வேண்டும். ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு தொங்கும் போல்ட்டைச் சக்கரத்தின் பக்கத்தில் பார்த்தால் நான் வேலையை வாங்குவதில்லை.

பம்ப் ஸ்டீரை (மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும் கோளாறு) ஒட்டுப்பலகையும் டயல் கேஜும் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்தே அளந்துவிடலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் தட்டையான பலகையைப் பூட்டி, முன்னும் பின்னும் ஒரு கேஜ் வைத்து, சக்கரத்தை ஜாக்கியால் மெல்ல ஏற்று. இரண்டு கேஜும் வேறு வேறு காட்டினால், சக்கரம் மேடு ஏறும்போதே தானாகத் திரும்புகிறது என்று அர்த்தம். ஸ்டீரிங் ரேக்கை ஏற்றியோ இறக்கியோ அதைக் கொல்லலாம். டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, அளக்க இரு பக்கமும் நூல் கட்டு. நான்கு மூலையின் எடைக்கு வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு நான்கு போதும். இந்த வண்டியின் ஒரு மூலை எடை எண்பது கிலோவைத் தாண்டுவது அபூர்வம். தரை மட்டமாக இருக்கிறதா என்று மட்டும் தண்ணீர்க் குழாய் வைத்துப் பார்த்துக்கொள்.

இனி சேஸி. பெரும்பாலான அணிகள் எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துப் பற்றவைக்கின்றன. பணக்கார அணிகள் கார்பன் நாரில் ஒரே கூடாகச் செய்கின்றன. முதல் சில வண்டிகளுக்கு எஃகுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. தப்பு வந்தால் அறுத்துத் திரும்ப ஒட்டலாம். உன் அப்பாவுக்கும் எனக்கும் அது பழகிய பொருள்.

சேஸி எதற்கு விறைப்பாக இருக்க வேண்டும்? மேலே சொன்ன பாரப் பங்கீட்டை ஆன்டி ரோல் பாரால் மாற்ற வேண்டுமென்றால், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே உள்ள சட்டகம் முறுக்காமல் நிற்க வேண்டும். சட்டகமே ஒரு ஸ்பிரிங்காக முறுக்கிக்கொண்டால் நீ முன்பக்கம் செய்யும் மாற்றம் பின்பக்கத்துக்குப் போய்ச் சேராது. இந்த அளவு வண்டியின் சட்டகத்தை ஒரு டிகிரி முறுக்க 1500 நியூட்டன் மீட்டரிலிருந்து 2500 வரை தேவைப்பட்டால் நிம்மதி. அதற்கு மேல் ஏற்றுவதற்காகக் கிலோ கிலோவாகக் குழாய் சேர்ப்பது எனக்கு ஏற்பில்லை.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. டேம்பருக்கு (ஷாக் அப்சார்பர்) பதில் இரும்புத் தண்டு போட்டு, பின் ஹப் இரண்டையும் தரையில் உள்ள கனமான சட்டத்தில் இறுக்கிக்கொள். முன்பக்கத்தை நடுவில் ஒரு முனை மேல் நிறுத்தி, முன் ஹப் இரண்டையும் சேர்த்து ஒரு குறுக்குச் சட்டம் பூட்டு. நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 50 கிலோவைத் தொங்கவிட்டால் 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு. நடுவிலிருந்து 600 மி.மீ. தள்ளியுள்ள ஹப் 3.1 மி.மீ. இறங்கினால் அது 0.3 டிகிரி, விறைப்பு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1630. நடுவில் நாலைந்து இடங்களில் டயல் கேஜ் வைத்தால், எந்த இடத்தில் திடீரென்று முறுக்கு கூடுகிறது என்று தெரியும். பெரும்பாலும் அது ஓட்டுநர் உட்காரும் திறப்பாக இருக்கும். அங்கே முக்கோணம் கட்ட முடியாது, மனிதர் நுழைய வேண்டும். விதிப்படி 5 விநாடிக்குள் அவர் வெளியேறியும் ஆக வேண்டும். திறப்பின் இரு பக்கச் சுவர்களையும் தரையையும் பலமாக்குவதுதான் வழி.

இந்த இடத்தில்தான் அப்பா வருகிறார். பற்றவைப்பு இழுக்கும். ஒரு பக்கம் முழுவதும் ஓட்டிவிட்டு மறுபக்கம் போனால் சட்டகம் வாழைப்பழம் மாதிரி வளையும் என்பது டிராக்டர் டிரெய்லர் சேஸி ஒட்டியவர் எவருக்கும் தெரியும். முதலில் எல்லா இடத்திலும் புள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டு, எதிரெதிர் மூலைகளாக மாறி மாறி ஓட்ட வேண்டும். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளைக் கடைசியில், ஜிக்கில் (அளவு மாறாமல் பிடித்துக்கொள்ளும் சட்டம்) வைத்து ஒட்ட வேண்டும். இதை எந்த மென்பொருளும் உனக்குச் சொல்லித் தராது. ஒரு சனிக்கிழமை அப்பாவை அணியின் பட்டறைக்கு அழைத்துப் போ. உன் நண்பர்கள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

பாதுகாப்பு விதிகளை ஒரு வரியும் விடாமல் படி. ஓட்டுநரின் பின்னால் நிற்கும் முதன்மை வளையம் 25 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவரும் கொண்ட குழாய். மூக்கில் உள்ள மோதல் தாங்கி, 300 கிலோ வண்டி விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் சராசரி 20 ஜிக்கு மேல் போகாமல் 7350 ஜூல் ஆற்றலை உறிஞ்ச வேண்டும். பிரேக் மிதி 2000 நியூட்டன் தாங்க வேண்டும். வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி 60 டிகிரி சாய்ப்பார்கள், உருளக் கூடாது. பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் சேர்ந்து பூட்ட வேண்டும். இந்தச் சோதனைகளைத் தாண்டாத வண்டி பாதைக்கே போகாது.

இப்போது எஞ்சின். விதிப்படி 710 சிசி வரை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் போடலாம். ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகப் போக வேண்டும். அதற்குப் பெயர் ரெஸ்டிரிக்டர். எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும், அந்தக் குறுகலில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்கு மேல் ஒரு கிராம்கூடக் கூடுதலாகப் போகாது. கணக்குப் போட்டால் விநாடிக்கு 75 கிராம் அளவு. சுவர் உராய்வைக் கழித்தால் எழுபது சொச்சம். அந்தக் காற்றோடு எரிக்கக்கூடிய பெட்ரோல் ஐந்தரை கிராம். அதன் ஆற்றலில் முப்பது விழுக்காடு எஞ்சினின் சுழல் தண்டான கிராங்குக்கு வந்தால் 72 கிலோவாட், அதாவது 100 குதிரைத்திறனுக்குச் சற்றுக் கீழே. நிஜத்தில் 80, 85 வந்தாலே நல்ல வேலை. உன் கேள்விக்கு இதுதான் விடை: எஞ்சின் பழுதில்லை, மூக்கை விதி பிடித்திருக்கிறது. நம் ஊர் மதிய வெயிலில் காற்று மெலிவதால் இன்னும் கொஞ்சம் குறையும்.

600 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 11,000, 12,000 சுழற்சியிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். பைக்கில் 15,000 வரை போனது இங்கே வெறும் சத்தம். குறுகலுக்குப் பிறகு குழாய் மெல்ல மெல்ல அகல வேண்டும், மொத்தக் கோணம் 12, 14 டிகிரிக்குள். சட்டென்று அகலப்படுத்தினால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழன்று, அழுத்தம் திரும்பி வராது.

அப்பாவின் டர்போ கேள்வி நியாயமானது. டர்போ என்பது புகைவாயுவின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. அதற்கு அனுமதி உண்டு. ஆனால் ரெஸ்டிரிக்டர் டர்போவுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஆக அதே எழுபது சொச்சம் கிராம் காற்றுதான். உச்சத் திறன் ஏறாது. குறைந்த சுழற்சியில் இழுவை கூடும். 450 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் டர்போ போட்டு நன்றாக ஓட்டிய அணிகள் உண்டு. ஆனால் வெப்பம், குழாய்கள், எண்ணெய் வழி என்று தலைவலி பெருகும். உங்கள் அணிக்கு இப்போது அது வேண்டாம்.

எஞ்சினில் நீங்கள் கவலைப்பட வேண்டியது எண்ணெயைப் பற்றி. பைக் வளைவில் சாய்கிறது. அதனால் எண்ணெய் எப்போதும் தொட்டியின் அடியிலேயே நிற்கும். கார் சாயாது. 1.4 ஜியில் எண்ணெய் முழுவதும் பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும், பம்ப் காற்றை உறிஞ்சும், சில விநாடியில் கிராங்க் பேரிங் போய்விடும். ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடை) நல்ல எஞ்சினாகப் பார்த்து வாங்கி வந்து, முதல் நாள் வட்டம் போட்டதிலேயே பேரிங் உருகிப் போன வண்டிகள் உண்டு. எண்ணெய்த் தொட்டியைத் தட்டையாக்கித் தடுப்புத் தகடுகளும் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகளும் வையுங்கள். எண்ணெய் அழுத்தத்தை எந்நேரமும் பதிவு செய்யுங்கள்.

நீள் ஓட்டத்தில்தான் பல வண்டிகள் சாகின்றன. 22 கிலோமீட்டரில் பாதி வழியில் எஞ்சினை நிறுத்தி, 3 நிமிடத்தில் ஓட்டுநர் மாற வேண்டும். அந்த மூன்று நிமிடம் ரேடியேட்டருக்குக் காற்று இல்லை. சூடேறிய எஞ்சின் திரும்பக் கிளம்ப மறுத்தால் அந்த 275இல் ஏறக்குறைய எல்லாம் போச்சு, எரிபொருள் கணக்கின் 100ம் போச்சு. பயிற்சியிலேயே கொதிக்கக் கொதிக்க ஓட்டி, மூன்று நிமிடம் நிறுத்தி, திரும்பக் கிளப்பிப் பழகுங்கள். செயின் இழுவையையும் அப்போதே பாருங்கள்.

இறக்கைகளைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் போன்ற அணிகள் பெரிய இறக்கைகளை இந்த மெதுவான பாதையிலும் பயன்படுத்தலாம் என்று காட்டின. நல்ல வடிவமாக இருந்தால் மணிக்கு 60 கிலோமீட்டரில் 50 கிலோ அழுத்தம் கிடைக்கும். 280 கிலோ வண்டிக்கு எடையே கூடாமல் பாரம் கூடுவது பெரிய வரம். ஆனால் மேலே சொன்ன ஆட்டமெல்லாம் தீராத வண்டிக்கு இறக்கை எதற்கு? அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

மின்சார வண்டிகள் வேறு உலகம். 600 வோல்ட், 80 கிலோவாட் எல்லை. சுவிட்சர்லாந்தின் இடிஎச் சூரிக் பல்கலைக்கழக மாணவர்கள் 2023இல் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 விநாடியில் தொட்டார்கள். தரையை உறிஞ்சிப் பிடிக்க விசிறியும் வைத்திருந்தார்கள். அங்கேயும் எல்லையைப் போட்டது மோட்டார் இல்லை, டயர்தான்.

கடைசியாக நேரம். போட்டிக்கு மூன்று மாதம் முன்பே வண்டி தன் காலில் ஓட வேண்டும். இதற்காக எந்த வடிவமைப்பையும் எளிமையாக்கலாம். ஓடிச் சோதித்த சாதாரண வண்டி, முந்தின இரவு போல்ட் முறுக்கிய அற்புத வண்டியைத் தோற்கடிப்பதை ஆண்டுதோறும் பார்க்கலாம். சோதிக்கப் பந்தயச் சாலை வேண்டாம். எட்டு வடிவ வட்டத்தின் உள் விட்டம் 15.25 மீட்டர், பாதை அகலம் 3 மீட்டர். 45க்கு 25 மீட்டர் தார்த்தளம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆலையின் லாரி நிறுத்துமிடத்தை நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். அப்பா மூலமாகக் கேட்டால் இன்னும் சுலபம். தரையில் சிந்திய எண்ணெயை முதலில் கழுவ வேண்டும். வட்டத்தை 5 விநாடியில் சுற்றினால் ஏறக்குறைய 1.37 ஜி என்று வை. அந்த ஜி அளவை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எழுது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நான்கு மணி மழை வந்தால் ஓடிவிடாமல், மழை டயரைப் போட்டு அதையும் பதிவு செய். வடிவமைப்பு நடுவர்கள் "ஏன் இப்படி?" என்று கேட்கும்போது உனக்குத் துணை அந்த நோட்டுப் புத்தகம்தான்.

அப்ரைட் கடைய வரும்போது வரைபடத்தில் பேரிங் துளைக்கு அளவு மட்டும் போட்டு வராதே, எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற எல்லையையும் போட்டு வா. பேரிங்கையும் கையோடு கொண்டு வா. அட்டவணையை நம்பிக் கடைவதைவிட அதை மைக்ரோமீட்டரில் அளந்து கடைவது எனக்கு நிம்மதி. அலுமினியக் கலவை 7075 கிடைக்காவிட்டால் 6061இல் சுவரைக் கொஞ்சம் தடிப்பாக்கிச் செய்யலாம். ஞாயிறு தவிர எந்த நாளும் கடை திறந்திருக்கும்.